கிட்னியைக் கெடுப்பது எந்த மாத்திரை?

போன வாரம் ஓர் அம்மா என் கவுண்டரில் பையைக் கவிழ்த்தார். மூன்று மாதத்துக்குக் கொடுத்த லோசார்ட்டான் அட்டைகள், ஒன்றுகூடப் பிரிக்காமல். நடுவே பாதி காலியான டைக்ளோஃபினாக் அட்டை. ஊருக்குப் போனபோது முட்டிவலிக்கு வாங்கி வந்ததாம்.

"பிரஷர் மாத்திரை கிட்னியைக் கெடுத்துடும்னு நாத்தனார் சொன்னாங்க தம்பி, அதான் நிறுத்திட்டேன். இது சும்மா வலி மாத்திரைதானே?"

பலதுறை மருந்தகத்தில் மருந்தாளராக நிற்கும் எனக்கு, இந்த மாதம் இது நான்காவது முறை. அப்படியே தலைகீழாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள்.

கிட்னியைக் கெடுப்பவை கட்டுப்படாத ரத்த அழுத்தமும் சர்க்கரையும். லோசார்ட்டான், எனலாப்ரில் வகை மாத்திரைகள் சிறுநீரக வடிகட்டியின் உள்ளே இருக்கும் அழுத்தத்தைக் குறைக்கின்றன. சர்க்கரை நோயாளியின் சிறுநீரில் புரதம் போனால், கிட்னியைக் காக்கவே இதை எழுதுகிறோம். தொடங்கியதும் கிரியேட்டினின், அதாவது கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவின் ரத்த அளவு, கொஞ்சம் ஏறலாம். அந்த ஏற்றம் 30 சதவீதத்துக்குள் இருந்தால் பொதுவாக மருந்தைத் தொடர்வோம். அந்த எண்ணைப் பார்த்துவிட்டு "பாத்தீங்களா, கெடுத்திருச்சு" என்று நீங்களே நிறுத்திவிடாதீர்கள். ஓரிரு வாரத்தில் ரத்தம் எடுக்கச் சொல்வது கிரியேட்டினினையும் பொட்டாசியத்தையும் பார்க்கத்தான். மருந்து விஷம் என்பதால் இல்லை.

அந்த அம்மா 'சும்மா' என்று சொன்ன வலி மாத்திரைதான் எனக்குப் பயம். டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், நேப்ராக்ஸன் எல்லாம் கிட்னிக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். பிரஷர் மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை, இந்த வலி மாத்திரை, மூன்றும் சேர்ந்தால் கிட்னி திடீரென்று செயலிழக்கலாம். முட்டி வலித்தால் பாரசிட்டமாலில் தொடங்கலாமா என்று கேளுங்கள். ஊரிலிருந்து எந்த மாத்திரை கொண்டுவந்தாலும் முதலில் எங்களிடம் காட்டுங்கள், தயவுசெய்து.

அப்புறம் உப்பு. சோடியம் குறைந்த உப்பு நல்லதுதான், ஆனால் பலவற்றில் பொட்டாசியம் இருக்கும். லோசார்ட்டான் போடுபவர்கள், கிட்னி பலவீனமானவர்கள் கேட்காமல் மாற்றக் கூடாது. பொட்டாசியம் அதிகமானால் இதயத் துடிப்பே தடுமாறும்.

வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால் அன்றே கூப்பிடுங்கள். மெட்ஃபார்மின் (சர்க்கரை மாத்திரை), லோசார்ட்டான், நீர் மாத்திரை ஆகியவற்றை ஓரிரு நாள் நிறுத்தச் சொல்லலாம். எப்போது மறுபடி தொடங்குவது என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை போடுபவருக்குக் காரணமில்லாமல் தசை வலித்தால் சொல்ல வேண்டும். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் போடுபவர், ரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும் ஐஎன்ஆர் பரிசோதனையை ஒருமுறைகூடத் தவறவிடக் கூடாது.

டாக்டரைப் பார்ப்பதற்கு முன் ரத்தப் பரிசோதனைக்கு நாள் கொடுத்திருந்தால் அன்றே போங்கள். "போன தடவை நல்லா இருந்துச்சு" என்று தள்ளிப்போடாதீர்கள். நல்லா இருந்தது மாத்திரையால்தான். அந்த அம்மாவின் டைக்ளோஃபினாக் அட்டையை வாங்கி வைத்துக்கொண்டேன், லோசார்ட்டான் விஷயமாக டாக்டரிடம் பேசினேன். மறுநாள் காலை ரத்தம் கொடுக்க வந்தார். நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு.