பதினைந்து வோல்ட்தானே என்று விட்டுவிடாதீர்கள்

குளச்சல் பக்கம் ஒரு வீட்டில் கீசருக்குப் போகும் ஒயர்களை இணைக்கும் சந்திப்புப் பெட்டி உருகிக் கருகியிருந்ததைக் கழற்றி எடுத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். இந்த மழைக்காலத்தில் இப்படி நான் பார்க்கும் நான்காவது வீடு இது. நான்கு வீட்டிலும் காரணம் ஒன்றே, கெட்டுப்போன ஒயர் இணைப்பு. கரண்ட் கூடினால் தானே விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்.சி.பி. சுவிட்சைக் காட்டி நான்கு வீட்டுக்காரர்களும் சொன்னதும் ஒன்றே: "எம்.சி.பி. விழவே இல்லையே, பிறகு எப்படிக் குறை இருக்கும்?"

வீட்டுக்காரர் என்னை அழைத்தது கருகிய வாசனைக்காக அல்ல. தண்ணீர் சூடாகத் தாமதமாகிறது என்பதற்காக. லோ வோல்டேஜ் என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஒரு ஸ்டெபிலைசரையும் வாங்கி வைத்திருந்தார். சாக்கெட்டில் அளந்து பார்த்தாயிற்று, வோல்டேஜ் சரியாகத்தான் இருக்கிறது என்று அவருடைய மகன் சொன்னான். கீசரை அணைத்துவிட்டு அளந்திருக்கிறான். கரண்ட் ஓடாத கம்பியில் எந்த இணைப்பும் நல்ல இணைப்பாகத்தான் தெரியும். டெஸ்டர் எரிவதும் கம்பியில் வோல்டேஜ் இருக்கிறது என்பதற்கு மட்டுமே சாட்சி, இணைப்பு நன்றாக இருக்கிறது என்பதற்கு அல்ல.

கீசரை ஓடவிட்டு அளந்தபோது மீட்டர் பலகையில் 224 வோல்ட், கீசர் சாக்கெட்டில் 205 வோல்ட், ஒயரைக் கவ்விக் கரண்ட்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரில் 7.75 ஆம்பியர் இருந்தது. வழியில் 19 வோல்ட் காணாமல் போயிருக்கிறது. பெட்டியைத் திறந்து, முறுக்கி டேப் சுற்றியிருந்த அந்த ஒற்றை இணைப்பின் இரு பக்கமும் மீட்டரின் முனைகளை வைத்தேன். 15 வோல்ட் அங்கேயே நின்றது. மீதி 4 வோல்ட், போகவும் வரவுமாக முப்பது மீட்டர் நீளமுள்ள ஒயரில் இறங்கியிருந்தது.

இதற்குமேல் தேவைப்படுவது ஒரு வகுத்தலும் ஒரு பெருக்கலும்தான். 15-ஐ 7.75-ஆல் வகுத்தால் இணைப்பின் மின்தடை ஏறக்குறைய 1.94 ஓம், 15-ஐ 7.75-ஆல் பெருக்கினால் 116 வாட். ஒயரில் 4 பெருக்கல் 7.75, அதாவது 31 வாட். அது முப்பது மீட்டருக்கும் பரவுவதால் மீட்டருக்கு ஒரு வாட், கையில் தெரியாது. அந்த 116 வாட்டோ சுண்டுவிரல் நுனியளவு இடத்தில் எரிகிறது. ரேடியோ பழுதுபார்ப்பவர் ஈயத்தை உருக்க வைத்திருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான் என்பதை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

பாலிடெக்னிக்கில் படிக்கும் அந்தப் பையன் இங்கேதான் குறுக்கிட்டான். வோல்டேஜின் வர்க்கத்தை மின்தடையால் வகுத்தால் வாட் கிடைக்க வேண்டும். 230-இன் வர்க்கத்தை 1.94-ஆல் வகுத்தால் இருபத்தேழாயிரம் வாட்டுக்கு மேல் வருகிறது, அது நடக்கவே நடக்காது, ஆகவே உங்கள் மீட்டர்தான் தவறு என்றான். சூத்திரம் சரி, அதில் போட்ட வோல்டேஜ்தான் தவறு. படித்தவர்களிடமே நான் மீண்டும் மீண்டும் காணும் பிழை இது. எந்தப் பொருளின் மின்தடையைக் கணக்கில் எடுக்கிறோமோ, அந்தப் பொருளின் இரு முனைகளுக்கிடையே நிற்கும் வோல்டேஜையே எடுக்க வேண்டும். வீட்டுக்கு வரும் 230-ஐ எடுத்த இடத்திலெல்லாம் போடக் கூடாது. அந்த இணைப்பின் குறுக்கே நின்றது 15, கீசரின் குறுக்கே 205, ஒயரில் 4. மூன்றையும் கூட்டினால் 224. கரண்ட் மட்டும் மூன்றுக்கும் பொது. 15-இன் வர்க்கம் 225, அதை 1.94-ஆல் வகுத்துப் பார் தம்பி என்றேன். 116 வந்தது. (பம்ப் மோட்டாருக்கு இப்படி நேராகப் பெருக்கக் கூடாது, அங்கே பவர் ஃபேக்டர் என்ற இன்னொரு எண்ணாலும் பெருக்க வேண்டும்; கீசருக்கு இது போதும்.)

எம்.சி.பி.யைக் குறை சொல்வதில் நியாயமில்லை. 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் எடுக்க வேண்டும். இணைப்பு கெட்டதால் 7.75 ஆகக் குறைந்திருக்கிறது. கரண்ட் கூடினால் விழ வேண்டிய சாதனம், கரண்ட் குறைந்ததற்காக எப்படி விழும்? கசிவுக்கு விழும் சாதனமும் விழாது, கசிவே இல்லையே. அந்த ஸ்டெபிலைசரை மாட்டியிருந்தாலோ, கீசருக்கு முழு 230-ஐக் கொடுப்பதற்காக அது வழியில் ஏறக்குறைய 10 ஆம்பியரை இழுத்திருக்கும். இணைப்பின் சூடு 190 வாட்டைத் தாண்டியிருக்கும்.

முட்டம், மணவாளக்குறிச்சி என்று கடற்கரையோரம் இருப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். உப்புக்காற்றில் பித்தளை ஸ்க்ரூ பச்சை பூத்துவிடுகிறது; தென்மேற்கும் வடகிழக்குமாக இரண்டு பருவமழையும் நம் குமரி மாவட்டத்துக்கு உண்டு. ஆரல்வாய்மொழிக் கணவாயில் இத்தனை காற்றாலைகள் சுற்றுகின்றன, ஒரு ஸ்க்ரூவை முறுக்கத்தான் ஆள் இல்லை.

கீசர் பத்து நிமிடம் ஓடியபின் சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றி, பின்களைத் தொட்டுப் பாருங்கள். சுட்டாலோ, சாக்கெட்டில் பழுப்பு நிறம் படிந்திருந்தாலோ, கீசரைப் போட்டவுடன் அந்த வழியில் உள்ள விளக்கு மங்கினாலோ, அன்றைக்கே பயன்பாட்டை நிறுத்துங்கள். கருகிய முனையை உப்புத்தாளில் தேய்த்து மறுபடி முறுக்குவது வேலையல்ல. கருமை போகும்வரை வெட்டி, புதுச் செம்பு தெரியச் சீவி, சாக்கெட்டையும் மாற்ற வேண்டும். கீசருக்கு 16 ஆம்பியர் சாக்கெட்டும், நடுவில் இணைப்பில்லாத 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயரும் போடச் சொல்லுங்கள். நான் செய்த அளவீட்டை வீட்டில் யாரும் செய்து பார்க்க வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன். ஓடும் மின்சாரத்தில் பெட்டியைத் திறப்பது, தகுதிச் சான்றிதழ் பெற்ற மின் கம்பியாளரின் வேலை. மீட்டரை மின்தடை அளக்கும் ஓம் நிலையில் வைத்துக்கொண்டே மின்சாரம் உள்ள கம்பியில் வைத்து ஆபத்தைத் தேடிக்கொள்பவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதாக இல்லை.

அந்த வீட்டில் புது ஒயர் இழுத்தபின் கீசர் ஓடும்போது சாக்கெட்டில் 222 வோல்ட், 8.4 ஆம்பியர் வந்தது. ஸ்டெபிலைசரைக் கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டேன் என்கிறாராம்.