எஃப்.பி.எஸ். 120 காட்டுகிறது, ஆனாலும் கேம் வெட்டுகிறதா? கார்டு வாங்கும் முன் இதைப் படியுங்கள்

கம்ப்யூட்டர் சரிசெய்யும் என் மேசைக்கு இந்த மாதத்தில் வந்த மூன்றாவது கேஸ் இது. புதுக் கிராபிக்ஸ் கார்டை டப்பாவோடு தூக்கிக்கொண்டு ஒரு தம்பி வந்தார். "அண்ணா, எஃப்.பி.எஸ். 120 காட்டுது, ஆனா கேம்ல வண்டி ஓட்டினா வெட்டி வெட்டிப் போகுது. இந்த கார்டுல ஏதாவது ஃபால்ட் இருக்குமா?" எஃப்.பி.எஸ். என்பது ஒரு நொடிக்குத் திரையில் எத்தனை படம் வருகிறது என்ற கணக்கு. பழைய கார்டை விற்று, அதற்கு மேல் கைக்காசும் போட்டு வாங்கியிருக்கிறார். கார்டு மாறியிருக்கிறது, பிரச்சினை அப்படியே இருக்கிறது, கேமுக்குள் அதே தெருவில் அதே மாதிரி.

கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு ஓட்டச் சொன்னேன். கேமில் வண்டி வேகமாக ஒரு தெருமுனையில் திரும்பும்போதெல்லாம் உள்ளேயிருந்து 'கரக் கரக்' என்று ஒரு சத்தம், கூடவே திரையில் ஒரு வெட்டு. இரண்டும் ஒரே நேரத்தில். எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்தால் ஹார்ட் டிஸ்க் 100 சதவீதத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது. ஊர் முழுக்கச் சுற்றுகிற கேமை வருடக்கணக்காக ஓடித் தேய்ந்த ஹார்ட் டிஸ்கில் போட்டு வைத்திருக்கிறார். அடுத்த தெருவின் கட்டடங்களை அந்த டிஸ்க் எடுத்துக் கொடுக்கும் வரை எப்பேர்ப்பட்ட கார்டும் காத்துக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

எனக்கு அந்தத் தம்பி மேல் கோபம் இல்லை. ஆனால் வெட்டினாலே கார்டை மாற்று என்று சொல்லிக் கொடுத்தவர்கள் மேல் நிறைய இருக்கிறது.

'லேக் அடிக்குது' என்று எல்லோரும் ஒரே வார்த்தையில் சொல்வது மூன்று வெவ்வேறு கோளாறுகளை. எஃப்.பி.எஸ். மொத்தமாகக் குறைந்து படமே மெதுவாக ஓடுவது ஒன்று. நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும்போது திடீர் திடீரென்று நின்று குதிப்பது இன்னொன்று, அதுதான் ஸ்டட்டர். நெட்வொர்க் தாமதம் மூன்றாவது. காய்ச்சலுக்கும் சுளுக்குக்கும் ஒரே மாத்திரை கொடுக்க முடியாது, இதுவும் அப்படித்தான்.

எஃப்.பி.எஸ். எண்ணை நம்பி ஏமாறுவதைத்தான் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. திரை மூலையில் 60 என்று காட்டுகிறது என்றால் ஒரு நொடியில் 60 படங்கள் வந்தன என்று அர்த்தம், அவ்வளவுதான். எந்த இடைவெளியில் வந்தன என்று அந்த எண் சொல்லவே சொல்லாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 59 படங்கள் தலா 15 மில்லி செகண்டில் வந்துவிடுகின்றன, மொத்தம் 885. மிச்சமுள்ள 115 மில்லி செகண்டையும் ஒரே ஒரு படம் விழுங்கிவிடுகிறது. நொடிக்கு 60 படம் வந்துவிட்டது, மீட்டர் 60 என்றுதான் காட்டும். ஆனால் உங்கள் கண் அந்த 115 மில்லி செகண்ட் நிற்றலைப் பார்த்துவிடும். சீராக 60 ஓடினால் ஒரு படத்துக்கு 16.7 மில்லி செகண்ட், 120 ஓடினால் 8.3. கண்ணை உறுத்துவது ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே இந்த இடைவெளி ஏறி இறங்குவதுதான். ஸ்காட் வாசன் என்ற விமர்சகர் 2011-இலேயே சராசரியை விட்டுவிட்டு ஒவ்வொரு படமும் எடுத்துக்கொள்ளும் நேரத்தை அளந்து காட்டினார். அதற்கப்புறம்தான் கார்டு விமர்சனங்களில் '1% லோ' (மிக மெதுவாக வந்த ஒரு சதவீதப் படங்களின் வேகம்) போன்ற கணக்குகள் வழக்கத்துக்கு வந்தன. இத்தனை வருடம் ஆகியும் சராசரியைப் பார்த்தே கார்டு வாங்குகிறோம், சராசரியைப் பார்த்தே கார்டைத் திட்டுகிறோம்.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது ஃபிரேம் டைம் கோடு, அதாவது ஒவ்வொரு படமும் எடுத்துக்கொள்ளும் நேரத்தின் கோடு. எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னரும் அதோடு வரும் ரிவாட்யூனரும் இலவசம். ஃபிரேம் டைமை எண்ணாக இல்லாமல் கிராஃபாகக் காட்டும்படி வைத்துக்கொண்டு பத்து நிமிடம் விளையாடுங்கள். கோடு தட்டையாக ஓடினால் நல்லது. நடுநடுவே ஈட்டி மாதிரி எழும்பினால் அது எப்போது எழும்புகிறது என்று கவனியுங்கள், பாதி நோய் அங்கேயே தெரிந்துவிடும்.

புதிய இடத்துக்குப் போகும்போதும் புதிய ஆயுதத்தை முதல்முறை சுடும்போதும் மட்டும் எழும்பி, அதே இடத்துக்கு மறுபடி போனால் எழும்பவில்லை என்றால் அது ஷேடர் தொகுப்பு, அதாவது படம் வரையும் சிறு நிரல்களைக் கார்டுக்குப் புரியும்படி கேம் அப்போதுதான் மாற்றிக்கொள்வது. கேம் கிராபிக்ஸ் கார்டோடு பேச விண்டோஸ் தரும் டைரக்ட்எக்ஸ் 12-ஐப் பயன்படுத்தும் கேம்களில் இது சாதாரணம். கேம் தொடங்கும்போது 'ஷேடர் தயாராகிறது' என்று ஒரு பட்டை ஓடும், பொறுமையில்லாமல் அதைத் தாண்டாதீர்கள். இன்னொன்று, வெட்டுகிறதே என்று தினமும் டிரைவரை அழித்து அழித்துப் போடுகிறவர்களுக்கு: டிரைவரை மாற்றினால் சேர்த்து வைத்த ஷேடர்கள் பெரும்பாலும் செல்லாமல் போய்விடும், கேம் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து தொகுக்கும். நோயை நீங்களே தினமும் புதுப்பிக்கிறீர்கள். தயவுசெய்து நிறுத்துங்கள்.

அரைமணி நேரம் நன்றாக ஓடி, அப்புறம் மோசமாகிறதா? இரண்டு சந்தேகம் வரும். கார்டின் மெமரி நிரம்பி வழிகிறதா என்று பாருங்கள். 8 ஜி.பி. கார்டில் டெக்ஸ்சரை (சுவர், தரை மேல் ஒட்டும் படங்களின் தரம்) அல்ட்ராவில் வைத்தால் சில புதிய கேம்களில் இடம் போதாது, மிச்சம் சாதாரண ரேமுக்குப் போய் வரும், அந்தப் போக்குவரத்துதான் வெட்டு. டெக்ஸ்சரை ஒரு படி இறக்கினால் போதும், படத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. மெமரி நிரம்பவில்லை என்றால் சூட்டைப் பாருங்கள். பிராசஸர் 95, 100 டிகிரியைத் தொட்டு அதே நேரத்தில் அதன் வேகம் இறங்கினால் பெரும்பாலும் தூசிதான் காரணம், இல்லாவிட்டால் பிராசஸர் மேல் தடவியிருக்கும், சூட்டைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்துபோயிருக்கும். மெத்தைமேல் லேப்டாப்பை வைத்து விளையாடுகிறவர்களிடம் நான் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். பெரும்பாலான லேப்டாப்களில் காற்று உள்ளே போகும் வழி அடியில்தான் இருக்கிறது.

"பிராசஸர் 30 சதவீதம்தான் ஓடுது, அதுல பிரச்சினை இருக்க முடியாது" என்று அடித்துச் சொல்கிறார்கள். இருக்க முடியும். 16 திரெட் (ஒரே நேரத்தில் வேலை பார்க்கும் வரிசை) உள்ள பிராசஸரில் ஒரே ஒரு திரெட் மூச்சு முட்ட ஓடினாலும் மொத்தக் கணக்கில் அது 6 சதவீதம்தான். கேமின் முக்கிய வேலை பெரும்பாலும் ஓரிரு திரெட்டில் நடக்கிறது, மற்றவை சும்மா இருப்பதால் சராசரி அழகாகத் தெரிகிறது. எஃப்.பி.எஸ்.ஸுக்கு நீங்கள் எந்தக் கட்டுப்பாடும் வைக்காமலேயே கிராபிக்ஸ் கார்டு 60, 70 சதவீதத்தில் சோம்பி நின்றால் வேறு யாரோ அதைக் காக்க வைக்கிறார்கள். அந்த நிலையில் இன்னும் பெரிய கார்டு வாங்கினால் அது இன்னும் அதிகமாகக் காத்திருக்கும்.

ரேம் விஷயத்தில் பார்ப்பது இரண்டே தவறுகள். ஒற்றை ரேம் குச்சி, அல்லது இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் செருகியிருப்பது. இரண்டு வழியில் போக வேண்டிய டேட்டா அப்போது ஒரே வழியில் போகும். நாலு ஸ்லாட் உள்ள பெரும்பாலான போர்டுகளில் பிராசஸர் பக்கமிருந்து இரண்டாவதும் நாலாவதும்தான் சரியான இடம், போர்டு புத்தகத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், 3200 என்று ஸ்டிக்கர் ஒட்டிய டி.டி.ஆர்.4 ரேம் தானாக 3200-இல் ஓடாது. பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் போர்டின் அமைப்புத் திரை) போய் எக்ஸ்.எம்.பி. என்ற ரேம் வேக அமைப்பை நீங்கள் ஆன் செய்யாவிட்டால் பல போர்டுகளில் 2133-இலோ 2400-இலோ நின்றுவிடும். காசு கொடுத்து வாங்கிய வேகத்தை வருடக்கணக்கில் தொடாமலே விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பயாஸில் இருக்கும்போதே அது எந்தப் பதிப்பு என்றும் பாருங்கள். ரைசன் பிராசஸர்களில் எஃப்.டி.பி.எம். என்ற பாதுகாப்புப் பகுதியால் அவ்வப்போது மொத்த கம்ப்யூட்டரும் ஒரு கணம் திக்குவதை 2022-இல் ஏ.எம்.டி.யே ஒப்புக்கொண்டு, பயாஸ் அப்டேட்டில் சரிசெய்தது. அந்த அப்டேட்டைப் போடாத போர்டுகள் இன்னமும் என் மேசைக்கு வருகின்றன.

இப்போது நெட்வொர்க். உங்கள் மவுஸை அசைத்தால் பார்வை வழவழவென்று திரும்புகிறது, ஆனால் எதிராளிகள் மட்டும் இங்கே மறைந்து அங்கே தோன்றுகிறார்கள், ஓடிய நீங்கள் பின்னாலே இழுக்கப்படுகிறீர்கள் என்றால் கம்ப்யூட்டரில் கையே வைக்காதீர்கள், அது லைன். "300 எம்.பி.பி.எஸ். பிளான் போட்டிருக்கேன்" என்பது இதற்குப் பதிலே இல்லை. பெரும்பாலான ஆன்லைன் கேம்களுக்கு 1 எம்.பி.பி.எஸ். கூடத் தேவைப்படாது, தேவை பாக்கெட்டுகள், அதாவது டேட்டாவின் சிறு துண்டுகள், தவறாமல், சீரான நேரத்தில் வருவதுதான். விண்டோஸின் கட்டளைத் திரையில் (கமாண்ட் பிராம்ப்ட்) உங்கள் ரவுட்டரின் முகவரிக்கே பிங் போட்டு, பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். கேபிளில் அது பெரும்பாலும் 1 மில்லி செகண்டைத் தாண்டக் கூடாது. வைஃபையில் அது 3, 5, 140, 4 என்று தாவினால் கோளாறு உங்கள் அறைக்குள்தான், இணைய நிறுவனத்திடம் சண்டை போட்டுப் பயனில்லை, கேபிள் இழுங்கள். யாராவது வீடியோ அப்லோட் செய்யும்போது மட்டும் தாவுகிறது என்றால் ரவுட்டரில் வரிசை தேங்குகிறது. தொலைதூர சர்வரைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் புலம்புவதும் வேண்டாம். ஃபைபருக்குள் ஒளியே 1000 கிலோமீட்டர் போய்வர 10 மில்லி செகண்ட் எடுக்கும், அதை எந்த பிளானும் குறைக்காது.

கடைசியாக, 'கேம் பூஸ்டர்'களும் 'ஒரே கிளிக்கில் எஃப்.பி.எஸ்.' ஃபைல்களும். கெஞ்சிக் கேட்கிறேன், போடாதீர்கள். அப்படி வந்த ஒரு ஃபைலை நோட்பேடில் திறந்து பார்த்தேன். முதல் வேலையாக விண்டோஸின் வைரஸ் காவலை அணைக்கிறது, அடுத்து ரேம் நிரம்பும்போது விண்டோஸ் டிஸ்கில் பயன்படுத்தும் பேஜ் ஃபைலை அழிக்கிறது. பேஜ் ஃபைல் இல்லாவிட்டால், ரேம் நிரம்பும் நேரத்தில் கேம் வெட்டுவதோடு நிற்காது, மூடிக்கொண்டு வெளியே விழும். அட்மின் அனுமதி கேட்கும் முகம் தெரியாத ஒரு ஃபைலுக்கு, உங்கள் பேங்க் பாஸ்வேர்டு இருக்கும் கம்ப்யூட்டரில் 'சரி' கொடுக்கிறீர்கள் என்பதை மட்டும் நினைத்துப் பாருங்கள்.

அந்தத் தம்பியின் கம்ப்யூட்டரில் விண்டோஸ் இருந்தது எஸ்.எஸ்.டி.யில், அதாவது சுழலும் தகடு இல்லாத வேகமான டிஸ்கில். அதில் 200 ஜி.பி.க்கு மேல் காலியாகவும் கிடந்தது. கேமை அங்கே நகர்த்தினோம், கால்மணி நேரம் ஆனது. அதே வண்டி, அதே தெருமுனை, கோடு தட்டையாக ஓடியது. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப பழைய கார்டே போதுமா இருந்திருக்குமா அண்ணா?" என்று கேட்டார். போதுமாகத்தான் இருந்திருக்கும். அதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருந்தது, ஆனால் சொன்னேன்.

அடுத்து வருகிறவர்களிடம் ஒரே வேண்டுகோள். கார்டு டப்பாவை வாங்கிக்கொண்டு வராதீர்கள். வெட்டும்போது அந்தக் கோடு எப்படி எழும்புகிறது என்று போனில் ஒரு வீடியோ எடுத்து வாருங்கள், டாஸ்க் மேனேஜரும் அதில் தெரியட்டும்.