600க்கு 378: நடுத்தர மதிப்பெண்ணுடன் பிளஸ் டூ முடித்தவர்களுக்கு

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியாகும் மே மாதத்தில் எந்த ஊரிலும் இரண்டு வகை மாணவர்களைப் பற்றித்தான் பேச்சு நடக்கும். 580க்கு மேல் எடுத்தவர்களின் படம் பள்ளி வாசலில் பேனராக நிற்கும். தேர்ச்சி பெறாதவர்களுக்கு உடனடித் துணைத்தேர்வு அறிவிக்கப்படும், 14417, 104 ஆகிய உதவி எண்களில் ஆலோசனையும் கிடைக்கும். 330 முதல் 420 வரை எடுத்து அமைதியாகத் தேர்ச்சி பெற்றவர்களைத் தேடி வருபவர்கள் பெரும்பாலும் கல்லூரிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்டுகளே. மேற்படிப்பு வழிகாட்டும் பணியில் இருக்கும் என்னிடம் வரும் குடும்பங்களில் பெரும்பகுதி இந்த நடுவரிசையைச் சேர்ந்தவை. குறைந்த மதிப்பெண்ணால் இவர்கள் இழப்பதைவிட, முடிவு வந்த மூன்று வாரத்துக்குள் பதற்றத்தில் கட்டிவிடும் பணத்தால் இழப்பது அதிகம் என்பதே நான் தொடர்ந்து காண்பது.

முதலில் செய்ய வேண்டியது, மொத்தத்தை ஒதுக்கிவைத்துவிட்டு மதிப்பெண் பட்டியலைக் கட்டம் கட்டமாகப் படிப்பது. மாதிரிக்கு ஒரு பட்டியலை எடுத்துக்கொள்வோம். தமிழ் 68, ஆங்கிலம் 55, கணிதம் 51, இயற்பியல் 62, வேதியியல் 58, கணினி அறிவியல் 84; மொத்தம் 378. வீட்டில் இதைச் "சுமாரான மார்க்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். ஆனால் செய்முறை உள்ள பாடங்களில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 என்று மதிப்பெண் பிரிந்திருக்கிறது. பின்னிரண்டையும் பெரும்பாலான பள்ளிகள் முழுமையாகவோ அதை ஒட்டியோ வழங்கிவிடுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்த 30ஐக் கழித்துப் பார்த்தால் இம்மாணவர் உட்கார்ந்து எழுதிப் பெற்றது இயற்பியலில் 70க்கு 32, வேதியியலில் 28, கணினி அறிவியலில் 54. கணிதத்தில் அகமதிப்பீட்டின் 10 போக 90க்கு 41. ஆக, 378 என்ற ஒற்றை எண்ணுக்குள் ஒரு பாடத்தில் நன்றாகப் படிக்கும் மாணவரும், மூன்று பாடங்களில் பாதியைக்கூடத் தொடாத மாணவரும் சேர்ந்தே இருக்கிறார்கள்.

அடுத்த கேள்வியை மாணவரிடம்தான் கேட்க வேண்டும், பெற்றோரிடம் அல்ல. "கணக்கு எங்க தம்பி விட்டுப்போச்சு?" என்று கேட்டால், "பிளஸ் ஒன்லயே புரியல சார், பயிற்சிக் கணக்கை அப்படியே மனப்பாடம் பண்ணிட்டுப் போனேன்" என்று சொல்பவர் உண்டு, "அரையாண்டு வரைக்கும் நல்லாத்தான் சார் எடுத்தேன், அப்புறம் அப்பாவுக்கு உடம்பு முடியாமப் போச்சு" என்று சொல்பவரும் உண்டு. இருவரும் வாங்கியது 51தான் என்றாலும், பின்னவருக்குக் கணிதம் சார்ந்த படிப்பைத் தாராளமாகப் பரிந்துரைப்பேன். முன்னவருக்குப் பரிந்துரைக்க மாட்டேன். எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாக வந்துவிட்டது என்று உண்மையிலேயே நம்புபவர்கள் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பித்து, அதைப் பாட ஆசிரியரிடம் காட்டியபின் மறுகூட்டலா மறுமதிப்பீடா என்று முடிவு செய்யலாம். அதற்கான அவகாசம் சில நாட்கள் மட்டுமே என்பதால் தள்ளிப்போடக் கூடாது.

இப்போது பொறியியலுக்கு வருவோம், ஏனென்றால் பாதிக் குடும்பங்களின் கேள்வி அதுதான். தமிழ்நாட்டில் பொறியியல் நுழைவுத் தேர்வு 2007ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்தே இல்லை. கணித மதிப்பெண்ணுடன் இயற்பியல், வேதியியலில் பாதியைக் கூட்டி 200க்குக் கட்-ஆஃப் கணக்கிடுகிறார்கள். நம் மாதிரி மாணவருக்கு 51, 31, 29 என்று 111 வருகிறது. இம்மூன்று பாடங்களின் சராசரி பொதுப்பிரிவினருக்கு 45 விழுக்காடும், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40 விழுக்காடும் இருந்தாலே விண்ணப்பிக்கத் தகுதி உண்டு என்பதால், 57 விழுக்காடு பெற்ற இவர் தகுதியானவர். ஆண்டுதோறும் அரசு நடத்தும் கலந்தாய்வு முடிந்தபின்னும் இடங்கள் காலியாகக் கிடப்பதால், 111க்கு எங்காவது ஓர் இடமும் கிடைக்கும். இடம் கிடைப்பதையே தகுதிக்குச் சான்றாக எடுத்துக்கொள்வதில்தான் சிக்கல் தொடங்குகிறது. முதல் இரண்டு பருவங்களிலும் கணிதமும் அறிவியலும் பிளஸ் டூ பாடத்தின் மேல்தான் கட்டப்படுகின்றன. வகையீடும் தொகையீடும் மனப்பாடமாக மட்டும் தெரிந்தவருக்கு முதல் பருவத்திலேயே அரியர் (தேர்ச்சி பெறாமல் நிற்கும் பாடம்) விழும், அது அடுத்த பருவத்துப் பாடங்களோடு சேர்ந்து கூடிக்கொண்டே போகும். நான்காண்டுப் படிப்பு ஆறாண்டாக நீண்டவர்களை நான் நிறையப் பார்க்கிறேன்.

அப்படியும் பொறியியல்தான் என்று முடிவெடுத்தால், கலந்தாய்வு வழியாக மட்டும் செல்லுங்கள். "கடன் வாங்கியாவது சேத்துடறேன் சார்" என்று சொல்லும் தந்தையிடம் நான் முதலில் கேட்பது, அந்தப் பிள்ளை முதல் தலைமுறைப் பட்டதாரியா என்பதுதான். குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் பெறவில்லை என்றால், இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வருவாய்த் துறையிடம் சான்றிதழ் பெற்றுக் கலந்தாய்வில் வருபவருக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால், கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. கலந்தாய்வுக்கு வெளியே கல்லூரியே நேரடியாக நிரப்பும் நிர்வாக ஒதுக்கீட்டில் முன்பணம் கட்டிச் சேர்பவர் இந்த இரண்டையும் இழக்கிறார். "இன்னும் ரெண்டே சீட்தான் இருக்கு, இன்னைக்கே டோக்கன் போட்டுடுங்க" என்று தொலைபேசியில் அவசரப்படுத்துபவர் இந்த விவரத்தைச் சொல்லவே மாட்டார். சிறுபான்மையினர் கல்லூரி அல்லாத தனியார் பொறியியல் கல்லூரிகளில் 65 விழுக்காடு இடங்கள் அரசு ஒதுக்கீட்டுக்கு உரியவை. அவர் கூவி விற்கும் அதே கல்லூரி, அதே பாடப்பிரிவு கலந்தாய்விலும் வர வாய்ப்பு உண்டு.

பொறியியலில் உண்மையான ஆர்வம் இருந்து அடிப்படை மட்டும் பலவீனமாக உள்ளவருக்கு நான் அதிகம் பரிந்துரைப்பது பாலிடெக்னிக். பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு மூன்றாண்டுப் படிப்பான டிப்ளமோவில், கணிதம், இயற்பியல், வேதியியல் படித்த பிளஸ் டூ மாணவர் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தபின் தனிக் கலந்தாய்வு வழியாக பி.இ. இரண்டாம் ஆண்டிலும் நேரடியாகச் சேரலாம். மொத்தம் ஐந்து ஆண்டுகள், நேராக பி.இ. சேர்ந்தவரைவிட ஓராண்டுதான் கூடுதல். அந்த ஓராண்டில் பணிமனைப் பழக்கமும் கிடைக்கிறது, நடுவில் நிறுத்த நேர்ந்தால் கையில் ஒரு டிப்ளமோவும் இருக்கிறது.

ஐ.டி.ஐ. என்ற பேச்சை எடுத்தாலே முகம் சுளிக்கும் பெற்றோர் இன்றும் உண்டு. ஃபிட்டர், டர்னர், எலக்ட்ரீஷியன் இரண்டாண்டுப் படிப்புகள், வெல்டர் ஓராண்டு; அரசு நிலையங்களில் பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. ரயில்வேயின் உதவி லோகோ பைலட் (உதவி ரயில் ஓட்டுநர்) பணிக்கு அடிப்படைத் தகுதி பத்தாம் வகுப்புடன் ஐ.டி.ஐ. அல்லது டிப்ளமோ என்பதையும், பயிற்சிக்குப் பின் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உதவித்தொகையுடன் தொழில் பழகுநராகச் சேரலாம் என்பதையும் அவர்களிடம் எடுத்துச் சொல்வதுண்டு. தேசியத் தொழிற்பயிற்சிச் சான்றிதழ் வழங்காத தனியார் 'டெக்னிக்கல் இன்ஸ்டிடியூட்'டை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

நம் மாதிரி மாணவருக்கு இயல்பாகப் பொருந்துவது, என் கணிப்பில், பி.சி.ஏ. அல்லது பி.எஸ்சி. கணினி அறிவியல். அரசுக் கலைக் கல்லூரிகளில் தரவரிசை மொழிப்பாடங்களை விட்டு நான்கு முதன்மைப் பாடங்களின் 400 மதிப்பெண்ணுக்குத் தயாரிக்கப்படுகிறது. இவருக்கு அதில் 255. நகரத்துக் கல்லூரிகளில் கணினிப் பிரிவுக்குப் போட்டி கடுமையாக இருப்பதால், இந்த மதிப்பெண்ணுக்கு அது கிடைக்காமல் போகலாம். அப்போது இரண்டாம் ஷிப்டையும், சொந்த மாவட்டத்திலுள்ள புதிய அரசுக் கல்லூரிகளையும் விருப்பப் பட்டியலில் சேர்க்க வேண்டும். பட்டத்துக்குப் பின் டான்செட் என்ற மாநில நுழைவுத் தேர்வு எழுதி இரண்டாண்டு எம்.சி.ஏ. முடித்தால், பி.இ. முடித்தவர் விண்ணப்பிக்கும் பெரும்பாலான மென்பொருள் வேலைகளுக்கு இவரும் விண்ணப்பிக்கலாம். மொழியில் சிறந்தவர் வேறு கணக்குப் போட வேண்டும்: பி.ஏ. தமிழுக்குத் தமிழ் மதிப்பெண்ணையும், ஆங்கில இலக்கியத்துக்கு ஆங்கில மதிப்பெண்ணையும் வைத்தே தரவரிசை வருகிறது. மொத்தத்தில் 350 எடுத்து, தமிழில் மட்டும் 92 எடுத்த மாணவி அந்தப் பட்டியலில் முன்வரிசையில் நிற்பார்.

வணிகவியல் மாணவர்களுக்கு ஒரு செய்தி. பட்டயக் கணக்காளர் ஆவதற்கான முதல் படியான சி.ஏ. ஃபவுண்டேஷன் தேர்வு எழுதப் பிளஸ் டூ தேர்ச்சியே போதும், குறைந்தபட்ச விழுக்காடு எதுவும் கேட்பதில்லை. தேர்வு கடினமானது என்பதால் எல்லோருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்; ஆயினும் கணக்குப்பதிவியலில் மட்டும் தனித்துத் தெரிபவர் பி.காம். படித்துக்கொண்டே முயன்று பார்க்கலாம்.

அதிகமாக ஏமாறுவது செவிலியர், துணை மருத்துவப் படிப்புகளில். பி.எஸ்சி. நர்சிங் நான்காண்டு, டிப்ளமோ நர்சிங் மூன்றாண்டு. இவற்றை அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தில் முடித்தால்தான் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு செய்ய முடியும். ஒரு வணிக வளாகத்தின் மாடியில் 'ஓராண்டு நர்சிங், வேலை உத்தரவாதம்' என்று பலகை தொங்கினால், அங்கே படித்து முடிக்கும் பெண்ணுக்குப் பதிவும் கிடைக்காது, செவிலியர் என்ற தகுதியும் கிடைக்காது. சின்ன மருத்துவமனையில் உதவியாளராகக் குறைந்த சம்பளத்தில் காலம் தள்ள வேண்டிவரும். லேப் டெக்னீஷியன், ரேடியாலஜி படிப்புகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அங்கீகாரக் கடிதத்தின் நகலைக் கேளுங்கள். "ஆன்லைன்ல இருக்கு, பாத்துக்கோங்க" என்று சொன்னால் உடனே அங்கேயே பார்த்துவிடுங்கள்.

மதிப்பெண் பிற்காலத்தில் குறுக்கே நிற்குமா என்று கேட்பவர்களுக்கு ஓரளவு நிற்கும் என்றுதான் பதில் சொல்ல வேண்டும். வளாக நேர்காணலுக்கு வரும் மென்பொருள் நிறுவனங்கள் பலவும் பத்து, பன்னிரண்டு, பட்டம் மூன்றிலும் 60 விழுக்காடு கேட்கும் வழக்கம் உண்டு. 378 என்பது 63 விழுக்காடு, எனவே இவருக்குத் தடையில்லை. 352 எடுத்தவருக்கு அந்தக் கதவு மூடியிருக்கும், அவர் வளாகத்துக்கு வெளியே வேலை தேடத் தயாராக இருக்க வேண்டும். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2, குரூப் 1 தேர்வுகளிலோ பிளஸ் டூ மதிப்பெண் எவ்வளவு என்ற கேள்வியே இல்லை. பத்து, பன்னிரண்டு, பட்டம் என்ற வரிசையில் படித்திருக்க வேண்டும் என்பதே விதி. தொடர்ந்து தமிழ் வழியிலேயே படித்தவர்களுக்கு அரசுப் பணி நியமனத்தில் 20 விழுக்காடு முன்னுரிமை இருப்பதால், அரசு வேலையை இலக்காக வைத்திருக்கும் தமிழ்வழி மாணவர், கல்லூரியில் ஆங்கில வழிக்கு மாறுமுன் இருமுறை யோசிக்க வேண்டும்.

செலவைப் பொறுத்தவரை, அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த மாணவியருக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. பட்டப்படிப்புக்கு மட்டுமின்றி டிப்ளமோவுக்கும் ஐ.டி.ஐ.க்கும் அது பொருந்தும். எங்கே சேர்ந்தாலும், கட்டும் பணத்துக்கு நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட ரசீது வாங்குங்கள். ஏஜென்டின் தனிப்பட்ட ஜிபே எண்ணுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். அசல் மதிப்பெண் பட்டியலைச் சரிபார்த்தபின் மாணவரிடமே திருப்பித் தர வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் அறிவுறுத்தல். "ஒரிஜினல் எங்ககிட்டயே இருக்கட்டும்" என்று அலுவலகத்தில் சொன்னால் அந்த அறிவுறுத்தலைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். அதன்பின்னும் தர மறுக்கும் இடத்தில் கட்டணம் கட்டாதீர்கள்.