ரோலிங் டிப்ளாய்மென்ட்: முறைமாற்றுக் களமிறக்கம்

ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சேவையை நிறுத்தாமல், அதன் பழைய பதிப்பின் படிகளை, அதாவது ஒரே நேரத்தில் ஓடும் நகல்களை, சிலசிலவாக விலக்கி, அந்த இடங்களில் புதிய பதிப்பின் படிகளை ஏற்றுவதற்கு ரோலிங் டிப்ளாய்மென்ட் என்று பெயர். மேகக் கணிமையில் கொள்கலன்களாக, அதாவது நிரலும் அதற்குத் தேவையானவையும் ஒன்றாகக் கட்டிய பொதிகளாக, இயங்கும் சேவைகளுக்கு இதுவே இன்று வழக்கமான முறை. கொள்கலன்களை நிர்வகிக்கும் மென்பொருளான குபர்நெட்டிஸ், வேறெதுவும் சொல்லாவிட்டால் இதைத்தான் செய்யும். கொள்கலன்களை இயக்கும் அமேசானின் ஈசிஎஸ் சேவையிலும் இயல்பான தேர்வு இதுதான்.

இதை 'உருட்டல் வரிசைப்படுத்தல்' என்று எழுதுவதைக் காண்கிறோம். இயந்திர மொழிபெயர்ப்பின் வாடை வீசும் தொடர் இது. இரண்டு சொல்லுமே பொருந்தவில்லை. கணினித் தமிழில் வரிசைப்படுத்தல் என்றால் ஒரு பட்டியலை அகர வரிசையிலோ எண் வரிசையிலோ அடுக்குவது. பாடப் புத்தகத்தில் அந்தப் பொருளைப் படித்த மாணவர் இங்கே அதே சொல்லைக் கண்டால் எதைத்தான் அடுக்கச் சொல்கிறார்கள் என்று திகைப்பார். அவரைத் திகைக்க வைப்பது நியாயமில்லை.

டிப்ளாய் என்பதன் வேர் லத்தீன். 'பிளிக்காரே' என்றால் மடித்தல். முன்னால் 'டிஸ்' சேர்ந்தால் மடிப்பைப் பிரித்தல். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து படைத்துறைச் சொல்லாக ஊன்றியது: நெடுக நடந்துவரும் படை, களத்தை எட்டியதும் அகல விரிந்து நிற்பது. இந்தப் பொருளுக்கு நம் செய்தித்தாள்களில் நெடுநாளாக ஒரு சொல் புழங்குகிறது. 'பாதுகாப்புக்குத் துணை ராணுவம் களமிறக்கப்பட்டது' என்று எழுதுகிறோம். ஆயத்தமாக வைத்திருந்ததை வேலை நடக்கும் இடத்துக்குக் கொண்டுவருவதுதான் களமிறக்கம். மென்பொருளுக்கும் நடப்பது அதுவே. 'நிறுவல்' என்பது இன்ஸ்டாலேஷனுக்கு நிலைத்துவிட்டது. அதை இங்கே இழுக்க வேண்டியதில்லை.

ரோலிங் என்பதில்தான் கவனம் தேவை. இதன் வேரான லத்தீன் 'ரோட்டா' என்றால் சக்கரம். பணியாளர்கள் யார் எப்போது வேலைக்கு வர வேண்டும் என்று காட்டும் முறைப்பட்டியலுக்கு பிரிட்டனில் இன்றும் ரோட்டா என்றே பெயர். ஆக, சக்கரம் என்ற பொருளிலிருந்து 'ஒருவர் பின் ஒருவராக' என்ற பொருள் கிளைத்திருக்கிறது. பகுதி பகுதியாக நடக்கும் மின்வெட்டையும், ஊர் ஊராக நகரும் வேலைநிறுத்தத்தையும் ஆங்கிலத்தில் ரோலிங் என்பது இப்படித்தான். அங்கே எதுவும் உருள்வதில்லை.

'சுழற்சி முறையில் மின்வெட்டு' என்று நாம் எழுதுவதால், இதையும் சுழற்சிக் களமிறக்கம் எனலாமே என்று தோன்றும். நான் அதை ஏற்கவில்லை. சுழற்சியில் முதல் ஆளுக்கே மறுபடியும் முறை வரும். இங்கே ஒவ்வொரு படிக்கும் ஒருமுறைதான் மாற்றம், கடைசிப் படி மாறியதும் வேலை முடிந்தது. நமக்கு வேண்டியது 'முறை' என்ற பகுதி மட்டுமே. ஏரித் தண்ணீரை முறை வைத்துத் திறந்துவிடும் முறைப்பாசனத்தில் உள்ள அதே முறை. ஆகவே முறைமாற்றுக் களமிறக்கம். வினையாகச் சொன்னால், முறைவைத்து மாற்றுதல்.

குபர்நெட்டிஸ் என்ற பெயருக்கும் ஒரு வரி சொல்லியாக வேண்டும். கிரேக்கத்தில் அது கப்பலைச் செலுத்துபவரைக் குறிக்கும். தமிழில் மீகாமன், அகநானூற்றில் நீகான். கூகுள் 2014-இல் இதைத் திறமூலமாக வெளியிட்டது. அதன் தொடக்கக் காலத்தில் முறைமாற்றத்தைப் பொறியாளரின் கணினியிலிருந்து ஓடிய கட்டளையே நடத்தியது. நடுவில் இணைப்பு அறுந்தால் பாதி பழையது, பாதி புதியது என்று நின்றுவிடும். பிறகு அந்தப் பொறுப்பு கட்டுப்பாட்டுச் சேவையகத்துக்கு மாறியது. அங்கே அதைக் கவனிக்கும் அமைப்புக்கே டிப்ளாய்மென்ட் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

இனி, சொல் செயலாகும் இடம். கட்டணம் வாங்கும் ஒரு சேவை 10 படிகளாக ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். முறைமாற்றத்தை இரண்டு எண்கள் ஆள்கின்றன. வழக்கமான எண்ணிக்கைக்கு மேல் எத்தனை படிகள் கூடுதலாக இருக்கலாம் என்பது மேக்ஸ் சர்ஜ், அதாவது மிகை வரம்பு. எத்தனை படிகள் குறையலாம் என்பது மேக்ஸ் அன்அவெய்லபிள், அதாவது குறை வரம்பு. இரண்டுக்கும் இயல்பு மதிப்பு 25%. 10-இல் 25% என்றால் 2.5, அரைப் படி கிடையாது. எனவே மிகை வரம்பு மேல்நோக்கி 3 ஆகவும், குறை வரம்பு கீழ்நோக்கி 2 ஆகவும் முழுமையாக்கப்படும். படிகளின் மொத்தம் 13-ஐத் தாண்டாது. வேலைக்குத் தயாராக உள்ளவை 8-க்குக் கீழே போகாது. (நிறுத்தப்பட்டுக்கொண்டிருக்கும் படிகள் இந்த மொத்தத்தில் சேராது.) இரண்டு வரம்பையும் சுழியமாக வைக்க முடியாது, அப்படி வைத்தால் கூட்டவும் வழியில்லை, குறைக்கவும் வழியில்லை.

கட்டணச் சேவைக்கு நான் குறை வரம்பைச் சுழியமாகவே வைப்பேன். புதிய படி தயாரான பிறகுதான் பழையது விலகும். ஆனால் அந்தக் கூடுதல் படிக்கு நினைவகமும் செயலித் திறனும் சேவையகத் தொகுதியில் மிச்சம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் புதிய படி இடம் கிடைக்காமல் காத்துக்கொண்டே இருக்கும், மாற்றம் ஓர் அடிகூட நகராது.

'தயார்' என்று யார் சொல்வது? எல்லாமே இந்தக் கேள்வியில்தான் நிற்கிறது. படி கோரிக்கைகளை ஏற்கும் நிலையில் இருக்கிறதா என்று பார்க்கும் தயார்நிலைச் சோதனை ஒன்றை நாம் எழுதி வைக்காவிட்டால், கொள்கலன் ஓடத் தொடங்கிய நொடியே அது தயார் என்று கணக்கிடப்படும். ஜாவாவில் எழுதிய சேவை தரவுத்தளத்தோடு இணைந்து நிமிர 40 விநாடி ஆகும் என்றால், அந்த 40 விநாடியும் பணம் கட்ட வந்தவர்களின் கோரிக்கைகள் பிழையில் முடியும். அதற்குள் அடுத்த படியின் முறையும் வந்துவிடும். சில நிமிடங்களில் 10 படிகளும் மாறியிருக்கும், திரையில் எல்லாம் பச்சையாக இருக்கும், வாடிக்கையாளர்கள் மட்டும் தவித்திருப்பார்கள். இந்தச் சோதனையை எழுதாமல் முறைமாற்றம் செய்வதை எந்தக் குழுவும் அனுமதிக்கக் கூடாது.

விலகும் படிக்கும் உரிய அவகாசம் தர வேண்டும். முதலில், வேலையை முடித்துக்கொள் என்று சொல்லும் சிக்டெர்ம் என்ற குறிப்பு போகும். இயல்பாக 30 விநாடிக்குள் முடித்துக்கொள்ளாவிட்டால் 'சிக்கில்' என்ற இன்னொரு குறிப்பு வந்து கட்டாயமாக நிறுத்தும். கோரிக்கைகளை எந்தெந்தப் படிக்கு அனுப்பலாம் என்று காட்டும் போக்குவரத்துப் பட்டியலிலிருந்து அந்தப் படியின் முகவரியை நீக்குவதும் இதே நேரத்தில்தான் தொடங்குகிறது. அந்தச் செய்தி எல்லா முனைக்கும் பரவும் முன்பே படி மூடிக்கொண்டால், வழியில் இருக்கும் கோரிக்கைகள் அறுபடும். நிறுத்துவதற்கு முன் ஓரிரு விநாடி காத்திருக்கும் ப்ரீஸ்டாப் அமைப்பை எழுதுவது இதற்காகவே.

முறைமாற்று என்ற சொல்லை நான் விரும்புவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. முறை வைத்து மாற்றினால், இடையில் பழையதும் புதியதும் சேர்ந்தே ஓடும் என்பது சொல்லிலேயே தெரிகிறது. ஒரே பயனரின் முதல் கோரிக்கை புதிய பதிப்புக்கும் அடுத்தது பழைய பதிப்புக்கும் போகலாம். இரண்டும் ஒரே தரவுத்தளத்தைத்தான் படிக்கும். இப்படிச் சேர்ந்து ஓட முடியாத மாற்றம் என்றால் ரீகிரியேட் முறைக்கு, அதாவது அடியோடு மாற்றுவதற்குப் போக வேண்டும். அதில் எல்லாப் படிகளும் நின்ற பிறகே புதியவை எழும், சேவை சிறிது நேரம் நிற்கும்.

பழைய பதிப்புக்கே திரும்புவதைக் குறிக்கும் ரோல்பேக் என்பதற்கும் உருட்டல் வேண்டாம். அரசாணை 'திரும்பப் பெறப்பட்டது' என்பதுபோல், புதிய பதிப்பு திரும்பப் பெறப்பட்டது என்றாலே விளங்கும். குபர்நெட்டிஸ் இதைத் தானாகச் செய்யாது. மாற்றம் 600 விநாடிக்கு முன்னேறாமல் நின்றால், தோல்வி என்று குறித்துவைக்கும், அவ்வளவுதான். ஆணையிட வேண்டியவர் நாம். முந்தைய 10 பதிப்புகளின் அமைப்பை இயல்பாகவே சேமித்து வைத்திருப்பதால், திரும்பும் வேலையும் முறை வைத்தே நடக்கும். ஆனால் தரவுத்தளத்திலிருந்து ஒரு நெடுவரிசையைப் புதிய பதிப்பு ஏற்கெனவே நீக்கியிருந்தால், திரும்பி வரும் பழைய படிகள் அதைத் தேடி விழும். அதனால் புதிய நெடுவரிசையைச் சேர்ப்பது ஒரு வெளியீட்டிலும், பழையதை நீக்குவது, பழைய படி ஒன்றுகூட ஓடவில்லை என்று உறுதியான பிறகு, பின்னொரு வெளியீட்டிலும் இருக்க வேண்டும்.