கப்பலுக்கும் வேகனுக்கும் நடுவே: பிறையின் கூட்ஸ் யார்டு

பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில், வெல்ட் கீ என்ற கடலோரச் சாலையில் மணிக்கூண்டோடு நிற்கும் விஸ்மா கஸ்தாம், மலாயா ரயில்வேக்காகக் கட்டிய கட்டடம். தண்டவாளம் மட்டும் அங்கே கிடையாது. டிக்கெட்டை இங்கே எடுத்துக்கொண்டு ஃபெர்ரி ஏறி, அக்கரையில் பிறை (Prai) ஊரில்தான் ரயிலைப் பிடிக்க வேண்டியிருந்தது. அங்கிருந்து சிரம்பான் வரை 1903-லேயே பாதை இணைந்துவிட்டது.

ஆள் நடந்து ஃபெர்ரி ஏறிவிடுவார், சரக்கு ஏறாது. ஒரு கப்பலை நிரப்ப ஆயிரக்கணக்கான டன் வேண்டும். அந்தக் காலத்து மீட்டர் கேஜ் வேகன் ஒன்றில் அதில் சிறு துளிதான் பிடிக்கும். ஆக, ஒரு கப்பலுக்கு வேகன் வேகனாக வந்து சேர வேண்டும், கப்பல் வரும்வரை காத்திருக்கவும் வேண்டும். இந்தக் காத்திருப்புக்குத்தான், சரக்கு வேகன்கள் நிற்கும் பிறையின் கூட்ஸ் யார்டுக்குத் தண்ணீர் ஓரத்தில் அத்தனை நிலம் தேவைப்பட்டது.

பேராக்கிலிருந்து வரும் கூட்ஸ் ரயிலில் ரப்பரும் வெள்ளீயமும் கலந்திருக்கும். எடை பார்த்தால் இரண்டும் இரண்டு துருவம். ரப்பரைக் கூரை வரை அடுக்கலாம். அதே அளவு வெள்ளீயம் ஏறத்தாழ எட்டு மடங்கு கனம் என்பதால், தரையில் சில வரிசைக் கட்டிகள் வைத்ததுமே வேகனின் தாங்குதிறன் தீர்ந்துவிடும். பாதி காலியாகத் தெரியும் வேகன்தான் முழுச் சுமை ஏற்றியது!

அப்புறம் வேகன்களைப் பிரிக்கும் வேலை. இதற்காகவே இப்படிப்பட்ட யார்டுகளில் ஒரு லைன் விசிறிபோல் பல லைன்களாகப் பிரியும். என்ஜின் பின்னாலிருந்து தள்ள, ஷண்டிங் ஆள் கொக்கியைக் கழற்றுவார். என்ஜின் நின்றுவிடும், கழன்ற வேகன் மட்டும் தானே உருண்டு, பாயிண்ட் (தடம் மாற்றும் அமைப்பு) திருப்பிய லைனுக்குப் போகும். இரும்புமேல் இரும்பு உருளும்போது உராய்வு மிகக் குறைவு, அதனால் லேசான தள்ளலே போதும். நிறுத்துவதுதான் பாடு. ஒருவர் கூடவே ஓடிக் கைப்பிரேக்கை அழுத்தியாக வேண்டும். உலகெங்கும் இந்த வேலையில் கைகால் இழந்தவர்கள் ஏராளம்.

கரைக்கு வராமல் நடுக்கடலில் நங்கூரமிட்ட கப்பல்களுக்குச் சரக்கு தொங்கான் என்ற சரக்குப் படகில் போகும். மூட்டை தூக்கியவர்களில் தமிழர் நிறைய. தமிழ் முஸ்லிம் துறைமுகத் தொழிலாளர்கள் சேர்ந்து தங்கிய கிட்டங்கிகள் ஜார்ஜ் டவுனில் இருந்தன. பினாங்கின் செல்வத்தைப் பேசும்போது அந்தத் தோள்களையும் பேச வேண்டும்.

1967-இல் பிறை ஆற்றைத் தாண்டி ரயில் பட்டர்வொர்த்துக்கு வந்தது, பயணிகள் நிலையமும் அங்கே மாறியது. பின்னர் வந்த கண்டெய்னர், மூட்டையை ஒவ்வொன்றாக இறக்கி ஏற்றும் வேலையையே எடுத்துவிட்டது. தொழிற்சாலை வாசலில் பூட்டிய பெட்டியைக் கிரேன் அப்படியே தூக்கிக் கப்பலில் வைக்கிறது.