சாய்ந்த கொட்டை எழுத்து

கும்பகோணத்து டிடிபி கடைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: “அண்ணே, ‘மாபெரும் கபடிப் போட்டி’ங்கிறத மட்டும் போல்டு இட்டாலிக்ல போட்டுடுங்க.” டிசைனருக்கு அதுவே போதும். பருத்து, வலப்பக்கம் சாய்ந்து, ஓடப்போவதுபோல் நிற்கும் எழுத்தை எடுத்துவிடுவார். அதன் முழுப்பெயர் போல்டு இட்டாலிக் சான்ஸ் செரிஃப்.

போல்டு என்றால் ஆங்கிலத்தில் துணிவு. தமிழ் கண்ணால் பார்த்துப் பெயர் வைத்தது: தடித்த எழுத்து. எனக்கு அதைவிடப் பிடித்தது கொட்டை எழுத்து. “பேப்பர்ல கொட்டை எழுத்துல போட்டிருக்கான்” என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்களே, அதேதான்.

இட்டாலிக் இத்தாலியிலிருந்து வந்த பெயர். வெனிஸில் அச்சகம் நடத்திய ஆல்டுஸ் மனூட்டியுஸ் 1501இல் பழைய ரோமானியக் கவி வெர்ஜிலின் கவிதைகளைக் கையடக்க நூலாக முழுக்க இந்த எழுத்தில் அச்சிட்டார். அச்சை வெட்டிக் கொடுத்தவர் பிரான்செஸ்கோ கிரிஃபோ. கற்றவர்களின் வேகமான கையெழுத்தைப் பார்த்துச் செய்தது அது. ஆகவே பழைய இட்டாலிக்கில் சாய்வோடு எழுத்தின் வடிவமும் மாறும். சான்ஸ் செரிஃபில் பெரும்பாலும் அப்படி இல்லை, நேரெழுத்தையே சாய்த்திருப்பார்கள். தமிழ் எழுத்துருக்களிலும் அதுதான் வழக்கம். அதனால் ‘சாய்வெழுத்து’ என்பது நமக்குச் சரியாகவே பொருந்துகிறது.

சான்ஸ் என்றால் பிரெஞ்சில் ‘இல்லாத’. செரிஃப் என்பது ரோமன் எழுத்தின் நுனியில் இழுத்த சின்னக் கோடு. கோடு என்று பொருள்படும் டச்சுச் சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்பார்கள். அந்தக் கோடில்லாத அச்செழுத்தை 1816இல் லண்டனில் அச்செழுத்து வார்ப்பவரான நான்காம் வில்லியம் கேஸ்லன் தன் மாதிரி ஏட்டில் காட்டினார். திருநீற்றுக் கீற்று, ஒளிக்கீற்று என்கிறோமே, அந்தக் கீற்றை வைத்து ‘கீற்றிலா எழுத்து’ என்று சொல்லலாம் என்பது என் விருப்பம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டைக் கிட்டே போய்ப் பாருங்கள். உளி ஏறக்குறைய ஒரே கனத்தில் இழுத்துப் போயிருக்கும், நுனியில் கீற்று வைக்காது.

சரி, எங்கே போடலாம்? தூரத்திலிருந்து, நகர்ந்துகொண்டே படிக்கும் இடத்தில். பஸ்ஸின் நெற்றியில் பெயர், போட்டித் தட்டியின் தலைப்பு, ஆடித் தள்ளுபடி. இரண்டு மூன்று சொல்லோடு நிறுத்திவிட வேண்டும். கொட்டை எழுத்து இடத்தை விழுங்கும். தரங்கம்பாடியில் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்குவின் அச்சகத்துக்கு ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் பெரிதாக இருந்து காகிதத்தைத் தின்றதால், அங்கேயே சின்னதாக வார்த்துக்கொண்டார்கள். பத்திரிகையில் உறவினர் பெயர்வரிசை, கண்ணீர் அஞ்சலி, விலாசம் இவற்றுக்கு இந்த எழுத்து வேண்டவே வேண்டாம்.

தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. தடிப்பு ஏறினால் ‘ஞ’, ‘ணை’ போன்றவற்றின் சுழிக்குள் இருக்கும் வெள்ளை அடைபடும், புள்ளி எழுத்தின் தலையோடு ஒட்டும். ‘ர’வை ‘கா’, ‘வா’வில் வரும் துணைக்காலிலிருந்து பிரித்துக் காட்டுவது அடியில் உள்ள சின்ன இழுப்புதான். அது தடிப்பில் மங்கினால் ‘வாரம்’ என்பதில் நடுவில் இரண்டு கால் நிற்கும். பிளெக்ஸ் அடிக்கக் கொடுக்கும் முன் ஒரு தாளில் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டி, பத்தடி தள்ளி நின்று அந்த ‘ர’வை மட்டும் பாருங்கள். தெரியவில்லையா, தடிப்பை ஒரு படி குறையுங்கள், அப்புறம் சாயுங்கள்.