ஓடிக்கொண்டே ஏழாம் வாய்ப்பாடு சொல்ல முடிகிறதா?

முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பின் உள் ஓரமாக வலி. காலையில் படுக்கையை விட்டு இறங்கி முதல் பத்து அடி வைக்கும்போது சுருக்கென்கிறது. "ஓட ஆரம்பிச்சு மூணு வாரம்தான் ஆச்சு மேடம். வயசாயிடுச்சோ?" என்று கேட்டார், காட்பாடி காந்தி நகரிலிருந்து வந்திருந்த 44 வயதுக்காரர். துணிக்கடையில் கணக்கு எழுதுபவர். போன மார்கழியில் சர்க்கரை எல்லைக்கோட்டைத் தொட்டுவிட்டது என்று தெரிந்ததும் ஓட ஆரம்பித்திருக்கிறார்.

வயது காரணமில்லை, வேகம்தான் காரணம். வேலூரில் இயன்முறை சிகிச்சை செய்யும் எனக்கு, புதிதாக ஓட வருபவர்களிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பதுதான் சிகிச்சையிலேயே கடினமான பகுதி.

எங்கள் ஊரில் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. வேலூருக்குப் பக்கத்தில் இருக்கும் கம்மவான்பேட்டையை 'ராணுவப்பேட்டை' என்றே சொல்வார்கள்; வீட்டுக்கு வீடு ராணுவம். காவலர் தேர்வு, ராணுவ ஆள்சேர்ப்பு என்று விடியற்காலை மைதானங்களில் பையன்கள் பறந்துகொண்டிருப்பார்கள். காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். 400 மீட்டர் சுற்று ஒன்றுக்கு 1 நிமிடம் 52 விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அது தேர்வில் ஒருநாள் ஓடிக் காட்ட வேண்டிய வேகம். இருபது வருடம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒருவர் அதைப் பக்கத்தில் பார்த்துக்கொண்டே ஓடினால், 'ஓட்டம்னா இதுதான்' என்று அவர் கால்கள் தாமாகவே நினைத்துக்கொள்கின்றன.

வலி குறைந்த பிறகு ஒருநாள் அவரோடு நானும் மைதானத்துக்குப் போனேன். முதல் சுற்றை அவர் போக்கிலேயே விட்டேன். பாதிச் சுற்றில், "சார், ஏழாம் வாய்ப்பாடு சொல்லுங்க" என்றேன்.

"ஓரேழு ஏழு... ஈரேழு..." ஒரு மூச்சு. "பதினாலு... மூ..." இன்னொரு மூச்சு. அப்புறம் கையை மட்டும் ஆட்டினார். சுற்று முடிந்தபோது கடிகாரம் 2 நிமிடம் 15 விநாடி காட்டியது. நின்று முழங்காலில் கை ஊன்றிக்கொண்டார்.

நடந்து மூச்சு அடங்கியதும் மறுபடி ஓடச் சொன்னேன். இந்த முறை நான் முன்னால், அவர் எனக்குப் பின்னால். அடி சின்னதாக, தோள் தளர்வாக, கிட்டத்தட்ட வேகநடையைப் போல. "மேடம், பின்னாடி நடந்து வர்ற தாத்தாவே நம்மளை முந்திடுவார் போல இருக்கு" என்றார். "முந்தட்டும் சார், நீங்க வாய்ப்பாட்டைச் சொல்லுங்க." ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு, மூவேழு இருபத்தொண்ணு, நாலேழு இருபத்தெட்டு. நான்கு வரி சொல்லி ஒரு மூச்சு, மறுபடி நான்கு வரி. சுற்று 3 நிமிடம் 36 விநாடியில் முடிந்தது, அதாவது கிலோமீட்டருக்கு 9 நிமிடம். அன்று அவருடைய வேகம் அதுதான். உங்களுடையது வேறாக இருக்கும். வேகமாக நடப்பவர் அதே சுற்றை 4 நிமிடத்தில் முடித்துவிடுவார் என்பதால், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பேச்சை வைத்து அளப்பது வெறும் கைவைத்தியம் இல்லை. தசைகள் தாங்கும் எல்லையைத் தாண்டி உழைக்கும்போது ரத்தத்தில் அமிலத்தன்மை கூடுகிறது. அதைச் சமன்செய்யும்போது உண்டாகும் கூடுதல் கரியமில வாயுவை வெளியேற்ற மூச்சு வேகமெடுக்கிறது. பேச வேண்டுமானால் மூச்சை நீளமாக விட்டாக வேண்டும். உடம்பு அதற்கு இடம் கொடுக்காது. வாக்கியம் உடைகிற இடம்தான் நீங்கள் எல்லையைத் தாண்டிய இடம். பாட்டே பாட முடிகிறது என்றால் இன்னும் கொஞ்சம் கூட்டலாம்.

கைக்கடிகாரத்தின் துடிப்புக் கணக்கை நான் இரண்டாவதாகத்தான் பார்ப்பேன். 220இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கில் இவருக்கு உச்சத்துடிப்பு 176 என்று வரும். ஆனால் ஆளுக்கு ஆள் அது பத்து, பன்னிரண்டு துடிப்பு மேலே கீழே போகும். ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கிற மெட்டோபிரலால், அட்டெனலால் போன்ற மாத்திரைகள் சாப்பிடுபவர்களுக்குத் துடிப்பு அவ்வளவாக ஏறாது. அவர்கள் கடிகாரத்தை நம்பி ஓடினால் ஆபத்து.

நம் வேலூர் வெயிலையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். சித்திரையில் காலை ஆறு மணிக்கே புழுங்குகிறது. உடம்பைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்குப் போகிறது, வியர்வையில் நீர் குறைகிறது, அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக அடிக்க வேண்டியிருக்கிறது. தை மாதத்தில் ஓடிய வேகம் அக்னி நட்சத்திரத்தில் வராது, வரவும் கூடாது. மேம்பால ஏற்றத்திலும் இதே கதைதான். மூச்சு உடைந்தால் நடங்கள். தினமும் நேரத்தைக் குறித்து ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

மெதுவாக ஓடினால் பலன் இருக்குமா? 1962இல் அமெரிக்க ஓட்டப் பயிற்சியாளர் பில் பவர்மேன் நியூசிலாந்து போனபோது, அங்கே ஆர்தர் லிடியார்ட் தொடங்கிவைத்த மெதுவோட்டக் குழுவோடு ஓடிப் பார்த்தார். ஐம்பதைத் தொட்டிருந்த அவர் மூச்சு வாங்கிப் பின்தங்க, எழுபதைத் தாண்டிய ஒருவர்தான் அவரோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டே துணைக்கு வந்தார். ஊர் திரும்பிய பவர்மேன் சாதாரண மக்களுக்கு மெதுவோட்டம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். அந்தப் பெரியவரை அப்படி ஓடவைத்தது நாள் தவறாத மெது ஓட்டம்.

இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பழகிவிடும். தசைநாணும் எலும்பும் அப்படியல்ல, அவற்றுக்கு மாதக்கணக்கில் ஆகும். 'மூச்சு நல்லாயிருக்கே' என்று மூன்றாவது வாரத்தில் வேகம் கூட்டுகிறவர்கள்தான் கால்வலியோடு என்னிடம் வருகிறார்கள். வலி எலும்பின் ஓரமாக நீளத்துக்குப் பரவியிருந்தால் ஓய்வும் பயிற்சியும் போதும். ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே புள்ளியில், அழுத்தினால் உயிர் போகிற மாதிரி வலித்தால், எலும்பில் விரிசல் இருக்கலாம். அன்றே ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

அவருக்கு நான் கொடுத்தது வாரம் மூன்று நாள், ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, மொத்தம் 25 நிமிடம். இரண்டு வாரத்துக்கு அதை மாற்றவே விடவில்லை. சர்க்கரைக்கு இன்சுலின் அல்லது கிளிமெபிரைடு எடுப்பவர்கள் பையில் குளுக்கோஸ் வைத்துக்கொள்ள வேண்டும். நெஞ்சில் இறுக்கமோ தலைச்சுற்றலோ வந்தால் அதோடு நிறுத்த வேண்டும். ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் ஆரம்பிக்கவே கூடாது.

நான்கு மாதம் கழித்து மைதானத்தில் அவரைப் பார்த்தேன். நிற்காமல் அரை மணி நேரம் ஓடுகிறாராம். கால்வலி இல்லை. கூடவே அவர் மனைவியும் ஓடிக்கொண்டிருந்தார். வாய்ப்பாடு சலித்துப்போய், இப்போது மகளின் காலேஜ் ஃபீஸ் கணக்கைப் பேசிக்கொண்டே ஓடுகிறார்கள். என்னைத் தாண்டிப் போகும்போது அந்த அம்மா சொல்லிக்கொண்டிருந்த வாக்கியம் முழுசாகவே காதில் விழுந்தது.